பட்டறைப் பக்கம்: வால்வு பாதி திறந்தால் தண்ணீர் பாதி வருமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ப்ரொபோர்ஷனல் வால்வு பற்றியவை. முழுக்கத் திறக்க, மூட மட்டும் தெரிந்த ஆன்-ஆஃப் சோலினாய்டு வால்வை (மின்காந்தத்தால் ஓடுவது) கழற்றிப் போட்டுவிட்டு, கேட்கிற அளவுக்குத் திறக்கிற வால்வை மாட்டியிருக்கிறார்கள், மாட்டிய பிறகும் ஓட்டம் நிலையாக நிற்கவில்லை என்பதுதான் முக்கால்வாசிக் கடிதங்களின் சாரம். வாசகர்களின் பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆலையில் எல்லா மெஷினுக்கும் ஒரே தண்ணீர் ஹெட்டர்ங்க, அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்துதான் பிரிகிறது. ஒரு மெஷினுக்கு மட்டும் சோதனையாக ப்ரொபோர்ஷனல் வால்வு போட்டோம். மெஷினை ஓட்டுகிற பிஎல்சி கன்ட்ரோலரில் 50 சதவீதம் கொடுத்தால் காலையில் ஒரு அளவு வருகிறது, மதியம் வேறு அளவு வருகிறது. வால்வு கோளாறா, பிஎல்சி கோளாறா?
— சாய ஆலை மேற்பார்வையாளர், திருப்பூர்

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் 50 சதவீதம் என்று கொடுத்தது திறப்பை, வால்வும் சொன்னபடி பாதி திறந்து நிற்கிறது. அதன் வழியாக மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது வால்வுக்குத் தெரியவே தெரியாது, தெரிந்துகொள்ள அதற்குள் ஒன்றும் இல்லை. ஓட்டத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: திறப்பு ஒன்று, வால்வின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் இன்னொன்று. அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் மாறும். ஹெட்டரில் 3 பார் இருக்கும்போது ஒரு அளவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் ரொப்ப ஆரம்பித்து அழுத்தம் 2 பாருக்கு இறங்கினால், வால்வு அசையாமலே உங்கள் ஓட்டம் சுமார் 82 சதவீதமாகக் குறைந்துவிடும். உங்கள் காலை, மதிய வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

மெஷினில் வெறும் தண்ணீர் ரொப்புவதற்கு என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், மொத்த லிட்டரைக் கூட்டிக் காட்டுகிற ஒரு மீட்டர் போட்டு, கணக்கு வந்ததும் மூடிவிட்டால் முடிந்தது, அதற்கு ப்ரொபோர்ஷனல் வால்வே தேவையில்லை. காரமான சோடாவை அளந்து விடுகிற டோசிங்குக்குத்தான் ஓட்டத்தின் வேகம் முக்கியம். ரியாக்டிவ் சாயம் காரம் உள்ளே போனதும் பருத்தியில் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் முதலில் மெதுவாகவும் போகப் போக வேகமாகவும் விடவேண்டும், கொட்டிவிட்டால் துணியில் திட்டுத் திட்டாக ஷேடு விழும். இங்கே ஒரு ஃப்ளோ மீட்டரும், அது சொல்வதைக் கேட்டு வால்வைத் திருத்துகிற பிஐடி கன்ட்ரோலரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். பட்ஜெட் இல்லை என்றால் வால்வுக்கு முன்னால் ஒரு ப்ரஷர் ரெகுலேட்டராவது போடுங்கள், முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் பாதிச் சண்டை ஓயும்.

மீட்டர் வாங்கும்போது ஒரு விஷயம். நம் பக்கத்து போர் தண்ணீருக்கும் உப்புக் கரைசலுக்கும் மேக்னடிக் மீட்டர் அருமையாக ஓடும். அதே மீட்டரை ஆவி குளிர்ந்து வரும் பாய்லர் கண்டென்சேட்டிலோ உப்பு நீக்கிய டிஎம் தண்ணீரிலோ மாட்டினால் சரியாகக் காட்டாது, அதற்குத் தண்ணீரில் மின்கடத்தல் வேண்டும், சாதாரண மாடல்களுக்குச் சென்டிமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ சீமென்ஸாவது.

கேள்வி: 250 கிலோ துணிக்கான சாஃப்ட்-ஃப்ளோ சாய மெஷின். ஸ்டீம் லைன் 2 இன்ச், அதனால் 2 இன்ச் ப்ரொபோர்ஷனல் கன்ட்ரோல் வால்வே வாங்கிப் போட்டோம். நிமிஷத்துக்கு 2 டிகிரி ஏறச் சொன்னால் ஒரேயடியாக ஏறுகிறது, அப்புறம் மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது. பிஐடி எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம்.
— பராமரிப்புப் பொறியாளர், பெருந்துறை

பிஐடி-யை விட்டுவிடுங்கள், வால்வு பெரிசு. நம் ஊரில் அடிக்கடி நடக்கிற தப்பு இது. பைப் எத்தனை இன்ச்சோ வால்வும் அத்தனை இன்ச் என்று வாங்குவது ஆன்-ஆஃப் வால்வுக்குச் சரி, கட்டுப்படுத்துகிற வால்வுக்குச் சரியில்லை.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 கிலோ துணி, லிக்கர் ரேஷியோ (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:6 என்றால் 1500 லிட்டர் தண்ணீர். நிமிஷத்துக்கு 2 டிகிரி ஏற்ற 3000 கிலோ கலோரி வேண்டும். 4 பார் ஸ்டீமில் ஒரு கிலோ ஆவி தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 500 கிலோ கலோரி தரும். ஆக நிமிஷத்துக்கு 6 கிலோ, மணிக்கு 360 கிலோ. துணி, மெஷின் உடம்பு, வெளியே போகிற சூடு எல்லாம் சேர்த்து 450 என்று வைத்துக்கொள்வோம். இனி வால்வு. எந்த வால்வுக்கும் கேவி என்று ஒரு எண் உண்டு: முழுக்கத் திறந்து, 1 பார் அழுத்த வித்தியாசம் இருக்கும்போது மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்பது. ஸ்டீமுக்கு, வால்வுக்குப் பின்னால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்குகிற நிலையில், கேவி-யை 12 ஆல் பெருக்கி, முன்பக்க அழுத்தத்தால் (கேஜ் காட்டுவதோடு 1 பார் கூட்டி) பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோ என்று வரும். கேஜில் 4 பார் என்றால் 5 ஆல் பெருக்கவேண்டும், அதாவது கேவி பெருக்கல் 60. உங்களுக்கு வேண்டிய 450 கிலோவுக்கு கேவி 7.5 போதும். 2 இன்ச் குளோப் வால்வு ஒன்றின் கேவி 36-இலிருந்து 40 வரை இருக்கும், அது மணிக்கு 2100 கிலோவுக்கு மேல் விடும். தேவைக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு!

அதனால் உங்கள் வால்வு வாழ்நாள் முழுக்க மூடும் நிலையை ஒட்டிய அந்தக் குறுகிய திறப்பிலேயே குடித்தனம் நடத்துகிறது. அந்த இடத்தில் ஒரு சின்ன அசைவுக்கும் பெரிய மாற்றம் வரும், தண்டு, கசிவைத் தடுக்க அதைச் சுற்றியிருக்கிற கிளாண்ட் பேக்கிங்கில் ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடும், போதாததற்கு சீட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே ஈர ஸ்டீம் சீறிப் போய் உலோகத்தையே கோடு கோடாக அறுத்துவிடும். ஆறு மாதத்தில் மூடினாலும் கசிகிற வால்வு ஆகிவிடும். 2 இன்ச் பைப்பில் ரெட்யூசர் வைத்து கேவி 10 உள்ள 1 இன்ச் வால்வு போடுங்கள். பாலியஸ்டருக்கு 130 டிகிரி வரை போகிற மெஷின் என்றாலும் கேவி 10-இல் இடம் இருக்கிறது. பைப்பைவிட வால்வு சின்னதாக இருப்பதைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பிஐடி-யை மேனுவலில் போட்டு வால்வை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வால்விலோ பிஐடி-யிலோ. வால்வு அசையாமல் இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால் பாய்லர் அழுத்தமே ஆடுகிறது என்று அர்த்தம், அப்போது எந்த வால்வை மாற்றியும் பிரயோஜனம் இல்லை. அப்புறம், எத்தனை இன்ச் பைப் என்று மட்டும் கேட்டுவிட்டு கொட்டேஷன் அனுப்புகிறவரிடம் கன்ட்ரோல் வால்வு வாங்காதீர்கள். எத்தனை கிலோ, முன்னால் எத்தனை பார், பின்னால் எத்தனை பார் என்று கேட்கிறவர்தான் ஆள்.

கேள்வி: நான் சிறிய அளவில் பால் பதப்படுத்தும் யூனிட் நடத்துகிறேன். மணிக்கு 1000 லிட்டர் பேஸ்சரைசர். சூடு குறையும்போது பால் ஓட்டத்தைத் தானாகக் குறைக்கிற மாதிரி ப்ரொபோர்ஷனல் வால்வு போடலாம் என்று ஒரு தம்பி சொல்கிறார். போடலாமா?
— கோபிசெட்டிபாளையம் வாசகி

வேண்டாம் அம்மணி, பால் லைனில் போடவே வேண்டாம். 72 டிகிரியில் 15 வினாடி என்பதுதான் உங்கள் மெஷினின் அடிப்படை. அந்த 15 வினாடியை ஒரு டைமர் பார்த்துக்கொள்வதில்லை, ஹோல்டிங் ட்யூபின் நீளம்தான் பார்த்துக்கொள்கிறது. மணிக்கு 1000 லிட்டர் என்றால் 15 வினாடிக்கு நாலு லிட்டரும் கொஞ்சமும், அந்த அளவு பால் கொள்ளுகிற குழாய். சூடு நன்றாக இருக்கிறதே என்று வால்வு ஓட்டத்தை 1200 லிட்டருக்கு ஏற்றிவிட்டால் பால் உள்ளே இருக்கிற நேரம் 12.5 வினாடி ஆகிவிடும். கிருமி சாகாத பால் பாக்கெட்டுக்குள் போகும், தெர்மாமீட்டரில் மட்டும் 72 காட்டிக்கொண்டிருக்கும்.

ஓட்டத்தை மாறாமல் வைத்துவிட்டு, பாலைச் சூடாக்குகிற வெந்நீரின் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். அந்த வெந்நீருக்குப் போகிற ஸ்டீம் லைனில் ப்ரொபோர்ஷனல் வால்வு போடலாம், அதுதான் அதற்கான இடம். சூடு குறைந்தால் பாலைத் திருப்பி பேலன்ஸ் டேங்குக்கு அனுப்புகிற டைவர்ஷன் வால்வு மட்டும் கண்டிப்பாக ஆன்-ஆஃப் ஆக, காற்றோ கரண்டோ போனால் ஸ்ப்ரிங் தள்ளித் தானாகத் திருப்பிவிடும் பக்கம் போகிறதாக இருக்கவேண்டும். பாதி பச்சைப் பால், பாதி காய்ச்சிய பால் என்று நடுவில் நிற்கிற வால்வு அங்கே ஆபத்து. அந்தத் தம்பி கெட்டிக்காரர்தான், பால் வேலை மட்டும் பழக்கமில்லை போல.

கேள்வி: சாதாரண சோலினாய்டும் காயில்தான், ப்ரொபோர்ஷனலும் காயில்தான். ஒன்று டக்கென்று திறக்கிறது, இன்னொன்று பாதியில் நிற்கிறதே, எப்படி சார்? புத்தகத்தில் படித்தும் மனசில் நிற்கவில்லை.
— மெக்கட்ரானிக்ஸ் மாணவர், கோவை

சாதாரண சோலினாய்டில் உள்ளே இருக்கிற இரும்புத் துண்டு காந்த முனையை நெருங்க நெருங்க இழுவிசை கடகடவென்று ஏறும். நகரத் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்க முடியாது, போய் ஒட்டிக்கொள்ளும். ப்ரொபோர்ஷனல் சோலினாய்டில் அந்த முனையின் வடிவத்தைக் கூம்பு மாதிரி கடைந்திருப்பார்கள். அதனால் வேலை செய்கிற தூரம் முழுக்க இழுவிசை இடத்தைப் பொறுத்து அதிகம் மாறாது, மின்னோட்டத்தைப் பொறுத்து மட்டும் மாறும். எதிரே ஒரு ஸ்ப்ரிங். காயில் இழுப்பதும் ஸ்ப்ரிங் தள்ளுவதும் எங்கே சமமாகிறதோ அங்கே நிற்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் போய் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

கவனி, வோல்டேஜ் என்று சொல்லவில்லை, மின்னோட்டம் என்று சொன்னேன். தாமிரம் சூடானால் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மின்தடை கூடும். காயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை கால் பங்கை நெருங்கிக் கூடிவிடும், வோல்டேஜ் அதேதான் என்றால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு போல இறங்கி, மாலையில் வால்வு காலையைவிடக் குறைவாகத் திறக்கும். அதனால்தான் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் கார்டு, அது மின்னோட்டத்தை அளந்து அளந்து பிடித்து வைக்கும். கூடவே டிதர் என்று ஒரு சின்ன நடுக்கத்தையும் கொடுக்கும், ஹைட்ராலிக் வால்வுகளில் வினாடிக்கு நூறு முதல் சில நூறு தடவை வரை. வால்வுக்குள் நகர்ந்து வழியைத் திறக்கிற ஸ்பூல் (உருளைத் தண்டு) ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த நடுக்கம். வால்வைத் தொட்டுப் பார்த்தால் உறுமுகிறதே என்று பயந்து வாரன்டிக்கு அனுப்பியவர்கள் உண்டு.

இவ்வளவு செய்தும், கீழிருந்து ஏறி 50 சதவீதத்துக்கு வரும்போது இருக்கிற திறப்பும் மேலிருந்து இறங்கி 50-க்கு வரும்போது இருக்கிற திறப்பும் ஒன்றாக இருக்காது. இதுதான் ஹிஸ்டரிசிஸ். ஸ்பூல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற எல்விடிடி சென்சார் இல்லாத வால்வில் இது ஐந்து சதவீதம் போல இருக்கும், சென்சார் வைத்தால் ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும். அப்போதும் சென்சார் பார்ப்பது ஸ்பூலின் இடத்தைத்தான், ஓட்டத்தை இல்லை என்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலில் பார்த்துக்கொள்.

ஆலைகளில் பெரிய லைன்களில் நீ பார்ப்பது பெரும்பாலும் காற்றால் ஓடுகிற கன்ட்ரோல் வால்வு. 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலைப் பொசிஷனர் வாங்கிக்கொண்டு, மேலே உள்ள டயஃப்ரம் என்ற சவ்வுக்குத் தேவையான காற்றை அனுப்பி, தண்டு சரியான இடத்துக்கு வந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளும். பழைய ஆலைகளில் 3–15 பிஎஸ்ஐ காற்று சிக்னலே ஓடும். சர்வோ வால்வு இன்னும் வேகமானது, நுணுக்கமானது, விலையும் அழுக்கு பயமும் ரொம்ப அதிகம், கல்லூரி ப்ராஜெக்டுக்கு அந்தப் பக்கம் போகாதே.

கேள்வி: ஹைட்ராலிக் ப்ரஸ்ஸில் ப்ரொபோர்ஷனல் வால்வு போட்டு ஒரு வருஷம் ஆகிறதுங்க. இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ராம் (அழுத்துகிற தண்டு) வெட்டி வெட்டி இறங்குகிறது. எண்ணெய் மாற்றினோம், புது பேரல்தான் ஊற்றினோம்.
— பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

புது பேரல் எண்ணெய் என்றால் சுத்தமான எண்ணெய் என்று நினைப்பதில்தான் சிக்கல். பேரலில் வருகிற எண்ணெய் ப்ரொபோர்ஷனல் வால்வுக்குப் போதுமான சுத்தத்தில் பெரும்பாலும் இருக்காது. இந்த வால்வுகளுக்குக் கம்பெனிக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது எண்ணெயில் உள்ள துகள்களை எண்ணுகிற ஐஎஸ்ஓ 4406 கணக்கில் 18/16/13 அளவு. உங்கள் மாடலின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த மூன்றில் ஏதாவது ஒரு எண் ஒன்று கூடினால் தூசித் துகள்கள் இரண்டு மடங்கு என்று அர்த்தம். ஸ்பூலுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், சிக்கிக்கொள்ளும். வார்ப்புப் பட்டறை பக்கத்தில் இருந்தால் மணல் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டேங்க் காற்று வாங்குகிற ப்ரீதர் மூடி எப்படி இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். எண்ணெயை எப்போதும் ஃபில்டர் வண்டி வழியாக மட்டும் ஊற்றுங்கள், வாளியும் புனலும் வேண்டாம். ஃபில்டரை வால்வுக்கு முன்னால் அழுத்த லைனிலேயே வையுங்கள், ரிட்டர்ன் லைனில் மட்டும் இருந்தால் பம்ப் தேய்ந்து விடுகிற துகள் நேராக வால்வுக்குள் போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெட்டினால் ஆம்ப்ளிஃபயர் கார்டில் டிதரையும், சிக்னல் படிப்படியாக ஏற எடுக்கிற ரேம்ப் நேரத்தையும் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். காலையில் மட்டும் வெட்டி, மெஷின் சூடானபின் சரியாகிறது என்றால் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருப்பதும் ஒரு காரணம்தான், பத்து நிமிஷம் லோடு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: வால்வுக்கு பூஜ்ஜியம் கொடுத்தாலும் 4 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது. லீக்கா?
— எலக்ட்ரீசியன், கரூர்

லீக் இல்லை, அப்படித்தான் இருக்கவேண்டும். 4 என்பது மூடு, 20 என்பது முழுத் திறப்பு, 12 பாதி. மூடுவதற்கு 0 என்று வைத்திருந்தால் ஒயர் அறுந்தாலும் 0, மூடினாலும் 0, எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது மல்டிமீட்டரில் 3.6-க்குக் கீழே போனால் ஒயரிலோ கார்டிலோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: மோட்டார் வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி-யிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிளும் இந்த சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் ஓடினால் எண்கள் நடுங்கும். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள், இரண்டு முனையிலும் பண்ணினால் சில இடங்களில் நிலைமை இன்னும் மோசமாகும்.

கேள்வி: கழிவுநீர் நியூட்ரலைசேஷன் டேங்கில் அமிலம் விட ப்ரொபோர்ஷனல் வால்வு, பிஹெச் மீட்டர், கன்ட்ரோலர் எல்லாம் நல்ல கம்பெனிதான். ஆனாலும் பிஹெச் 11-இலிருந்து நேராக 4-க்கு விழுந்து, பிறகு காரம் விட்டு மேலே ஏற்றவேண்டியிருக்கிறது. ரெண்டு பக்கமும் கெமிக்கல் வீண்.
— சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், ஈரோடு

2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு நம் பகுதியில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஆர்ஓ-வுக்குள் போகிற தண்ணீரின் பிஹெச் தாறுமாறாக இருந்தால் மெம்பிரேனுக்கு ஆகாது என்பதால் உங்கள் டேங்க் சின்ன விஷயம் இல்லை.

பிஹெச் என்பது மடக்கைக் கணக்கு. கலப்படம் இல்லாத காரத் தண்ணீரை 11-இலிருந்து 10-க்கு இறக்க எவ்வளவு அமிலம் வேண்டுமோ, அதில் பத்தில் ஒரு பங்கு போதும் 10-இலிருந்து 9-க்கு. அடுத்த படிக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு. 11-இல் ஆரம்பித்து 7-க்கு வரும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் தேவைப்படும். ஒரு நல்ல கன்ட்ரோல் வால்வால் கட்டுப்படுத்த முடிகிற அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள விகிதம் வழக்கமாக 50-க்கு 1. ஒற்றை வால்வை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்பதை எந்தக் கம்பெனி வால்வாலும் செய்ய முடியாது. சாயக் கழிவில் பைகார்பனேட் இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு கொடூரமாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அந்த வளைவு மாறும், அது தனித் தலைவலி.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் டேங்கில் 11-இலிருந்து 9 வரை பெரிய வால்வு இறக்கட்டும், இரண்டாவது டேங்கில் 9-இலிருந்து 7 வரை ஒரு சின்ன டோசிங் பம்ப் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு முன்னால், வருகிற கழிவுநீரைச் சேர்த்துச் சமப்படுத்துகிற ஈக்வலைசேஷன் டேங்க் நன்றாகக் கலக்கவேண்டும், கலக்காத டேங்கில் எந்த ஆட்டோமேஷனும் எடுபடாது. பிஹெச் மீட்டரின் முனை அமிலம் விழுகிற இடத்துக்கு ரொம்பத் தூரத்தில் இருந்தால், மீட்டர் சொல்வதற்குள் வால்வு அளவுக்கு மீறி விட்டிருக்கும், நீங்கள் எழுதிய 4-க்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அமிலம் ஹைட்ரோகுளோரிக் என்றால் 316 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வால்வு தாங்காது, பிவிடிஎஃப் பிளாஸ்டிக் அல்லது டெஃப்லான் லைனிங் உள்ளதாகப் பாருங்கள். சூடான காரத்துக்கு விட்டான் ரப்பர் சீல் போடாதீர்கள், ஈபிடிஎம் ரப்பர் போடுங்கள். அதே ஈபிடிஎம்மை எண்ணெய் படுகிற லைனில் போட்டால் உப்பிப் போகும்.

கேள்வி: வால்வை வைத்து ஓட்டத்தைக் குறைப்பது கரண்டுக்குக் கேடு, விஎஃப்டி போட்டு மோட்டார் வேகத்தைக் குறைப்பதே சரி என்று எங்கள் பம்ப்செட் டீலர் சொல்கிறார். அப்படியானால் ப்ரொபோர்ஷனல் வால்வே வேண்டாமா?
— நூற்பாலை பொறியாளர், கோவை

பம்ப் ஊர்க்காரர் பம்ப் பக்கம்தானே பேசுவார்! பாதி சரியாகச் சொல்கிறார். சுற்றிச் சுற்றி ஓடுகிற லைனில், அதாவது கூலிங் டவர் தண்ணீர் மாதிரி உராய்வு மட்டுமே எதிர்ப்பாக இருக்கிற இடத்தில், வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் ஓட்டம் 80, ஹெட் (பம்ப் தூக்குகிற உயரம்) 64, கரண்ட் 51 சதவீதத்துக்கு வந்துவிடும். வால்வால் அடைத்து இந்த லாபம் கிடைக்காது.

மேட்டுக்குத் தூக்குகிற இடத்தில் கதை வேறு. பம்ப்பின் ஷட்-ஆஃப் ஹெட், அதாவது ஓட்டமே இல்லாதபோது எட்டுகிற அதிகபட்ச உயரம், 110 மீட்டர், தண்ணீரைத் தூக்கவேண்டிய உயரம் 75 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீத வேகத்தில் 110 என்பது 70 ஆகிவிடும். மோட்டார் சுற்றும், கரண்ட் கொஞ்சம் எடுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது, உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகும். இங்கே விஎஃப்டி-யை வைத்து இறக்கக்கூடிய அளவு ரொம்பக் குறைவு. ஒரே பம்ப்பிலிருந்து எட்டு மெஷினுக்குப் பிரிகிறது, எட்டும் எட்டு அளவு கேட்கிறது என்றால் ஹெட்டர் அழுத்தத்தை விஎஃப்டி பிடித்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு கிளையிலும் வால்வு அளக்கட்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது இல்லை.

கேள்வி: தென்னந்தோப்பு, சொட்டுநீர். ஒவ்வொரு பாத்திக்கும் இந்த வால்வு போட்டால் தண்ணீர் அளந்து விடலாமா?
— விவசாயி, பொள்ளாச்சி

காசை வீணாக்காதீர்கள் அண்ணா. சொட்டுவானே அளந்துதான் விடும், அதற்கு முன்னால் அழுத்தம் சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு ஆன்-ஆஃப் வால்வு, ஒரு ப்ரஷர் ரெகுலேட்டர், நேரத்தைக் கணக்குப் பண்ணி மூடுகிற டைமர், நல்ல ஃபில்டர். பூமி மேடு பள்ளமாக இருந்தால் அழுத்தத்தைத் தானே ஈடுகட்டுகிற சொட்டுவான் வாங்குங்கள், வால்வுக்குச் செலவு பண்ணுவதைவிட அது மேல்.

கேள்வி: கரண்ட் போனால் வால்வு திறந்தே நிற்குமா, மூடிக்கொள்ளுமா? ஜெனரேட்டர் எடுக்கிற வரை பயமாக இருக்கிறது.
— பாய்லர் ஆபரேட்டர், பவானி

எந்த வால்வு என்று எழுதவில்லை. காற்று டயஃப்ரம் வால்வு என்றால் உள்ளே ஸ்ப்ரிங் இருக்கும், காற்று போனதும் ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். காற்று வந்தால் திறக்கும் (ஏர் டு ஓபன்) என்று பெயர்ப் பலகையில் இருந்தால் காற்று போனால் மூடும். சூடேற்றுகிற ஸ்டீமுக்கு மூடுவதுதான் வேண்டும், குளிரூட்டுகிற தண்ணீருக்குத் திறந்து நிற்பதுதான் வேண்டும், இதை மாற்றி மாட்டினால் விபத்துதான். மோட்டார் வைத்த வால்வு என்றால் ஸ்ப்ரிங் ரிட்டர்ன் இல்லாத மாடல்கள் கரண்ட் போன இடத்திலேயே அப்படியே நின்றுவிடும், ஸ்டீம் பாதி திறந்தபடி. அப்படிப்பட்ட இடத்தில் முன்னால் தனியாக ஒரு ஷட்-ஆஃப் வால்வு போட்டே ஆகவேண்டும். ப்ரொபோர்ஷனல் வால்வை நம்பி லைனைப் பூட்டாதீர்கள், அது அளப்பதற்கு, பூட்டுவதற்கு இல்லை. ஷட்டவுன் நாளில் உங்கள் சேஃப்டி ஆளைக் கூட வைத்துக்கொண்டு கரண்டையும் காற்றையும் தனித்தனியே நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: பழைய மார்க்கெட்டில் வெளிநாட்டு வால்வு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— நாமக்கல் வாசகர்

பெயர்ப் பலகை இல்லாததை வாங்காதீர்கள். பலகையில் கேவி என்ன, அது உங்கள் கணக்குக்கு ஒத்து வருகிறதா என்பது முதல் கேள்வி. காயில் 24 வோல்ட் டிசியா, சிக்னல் 4–20-ஆ, 0–10 வோல்ட்டா என்று பாருங்கள். ஹைட்ராலிக் வால்வாக இருந்து அதற்கான ஆம்ப்ளிஃபயர் கார்டு இல்லாமல் கொடுத்தால், தேடி வாங்குகிற கார்டின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கன்ட்ரோல் வால்வு என்றால் மேல் மூடியைக் கழற்றி பிளக்கையும் சீட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் கழற்ற விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடலாம்.